இரண்டு நாள் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னது யார்?

எங்கள் வட்டாரக் கிரிக்கெட் கழகத்தின் செயலாளர் மனோகரன் பொய் சொல்கிறார். போன வருட இறுதி ஆட்டத்தில் ஆட்டக்காரர்களே களைத்துப்போய் "போதும், நிறுத்துங்க" என்று கேட்டதாகச் செயற்குழுவில் சொல்லியிருக்கிறார். அதைக் காரணம் காட்டி, இந்த வருடத்திலிருந்து இரண்டு நாள் இறுதி ஆட்டம் கிடையாது, இருபது ஓவர்தான் என்று முடிவும் எடுத்துவிட்டார்கள். அந்த ஆட்டத்துக்கு அம்பயராக நின்றவன் நான். ஆட்டக்காரர் யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் கையில் மட்டையும் இல்லை, பந்தும் இல்லை. மைக் இருந்தது.

நான் காரைக்குடி பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். விடுமுறை நாட்களில் அம்பயர். புதிதாக அம்பயர் பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் நோ-பாலும் எல்பிடபிள்யூவும்தான். ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் நடக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. அது தெரியாதவன் அம்பயராக நிற்கக் கூடாது. அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் நாள்

நான் முதலில் நின்றது அமராவதிபுதூரில், ஒரு டென்னிஸ் பந்துப் போட்டியில். ஓர் அணிக்கு ஆறு ஓவர். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, தொப்பி வாங்கி, பயந்துகொண்டே போனேன். சட்டை வியர்வையில் நனைவதற்குள் மேட்ச் முடிந்துவிட்டது. எல்லோரும் போன பிறகும் நான் ஸ்டம்ப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கூட நின்ற மூத்த அம்பயர் காதர் பாய் வந்தார்.

"என்ன மாப்ள, யாரத் தேடுறீக?"

"அவ்வளவுதானா பாய்?"

"இவ்வளவுதான். அங்குட்டு அடுத்த ரெண்டு டீம் பேடு கட்டிக்கிட்டு நிக்கிறாக. பொழுது அடையுறதுக்குள்ள இதே மாதிரி இன்னும் ஏழெட்டு மேட்ச் நிக்கணும். ஒரு வா தண்ணியக் குடிச்சிட்டு வந்து நில்லுங்க."

நின்றேன். சத்தமும் சிரிப்புமாக நன்றாகத்தான் இருந்தது. சின்ன ஆட்டத்தைத் திட்ட நான் இதை எழுதவில்லை. அதுவும் கிரிக்கெட்தான்.

எவ்வளவு நேரம்

இருபது ஓவர் ஆட்டம் மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் மூக்கைச் சொறியக்கூட அம்பயருக்கு நேரம் இருக்காது. காலைப் பலகாரம் தின்றுவிட்டுப் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஐம்பது ஓவர் ஆட்டம் என்றால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். நடுவில் ஒரு சாப்பாட்டு இடைவேளை உண்டு. கால் வலி என்றால் என்ன என்று இங்கேதான் தெரியும். அந்த இடைவேளையில் வயிறு முட்டத் தயிர்ச்சோறு தின்னாதீர்கள். ஸ்கொயர் லெக்கில், மட்டைக்காரருக்குப் பக்கவாட்டில், நின்றபடியே தூங்கிய ஆளை எனக்குத் தெரியும்.

டெஸ்ட் ஆட்டம் ஐந்து நாள். ஒரு நாளுக்குத் தொண்ணூறு ஓவர். அதை நான் டிவியில் பார்த்ததோடு சரி. ஐந்து நாளும் ஆடிவிட்டு, யாரும் ஜெயிக்காமல் கை குலுக்கிக்கொண்டு போவார்கள். டிப்போவில் எங்கள் ஃபோர்மேன் ஒருமுறை, "அஞ்சு நாளு ஆடியும் ஒருத்தனும் ஜெயிக்கலையா? வேலவெட்டி இல்லாத பயலுகளா இருக்காங்களே" என்று கேட்டார். எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் கழகத்தில் எல்லாமே குறைந்த ஓவர் ஆட்டங்கள். வருடத்தில் ஒன்றே ஒன்று, இறுதி ஆட்டம் மட்டும், இரண்டு நாள். ஓர் அணிக்கு இரண்டு இன்னிங்ஸ். முடிவு வராவிட்டால் ஆட்டம் டிரா. அப்போது முதல் இன்னிங்ஸில் கூடுதல் ரன் எடுத்தவர்களுக்குக் கோப்பை. இரண்டாம் நாள் கடைசி ஒரு மணி நேரம் தொடங்கியதும் அம்பயர்கள் கையைத் தூக்கி மணிக்கட்டைத் தொட்டுக் காட்டுவோம். அதிலிருந்து ஒரு மணி நேரமும் முடிய வேண்டும், குறைந்தது இருபது ஓவரும் முடிய வேண்டும். இரண்டும் முடிகிறவரை ஆட்டம் நடக்கும். முடிந்தது என்று சொல்லும் உரிமை அம்பயர்களுடையது.

சேவுகன்

சாக்கோட்டை அணியில் சேவுகன் என்று ஒரு லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்னர். நாற்பது வயதைத் தாண்டியவர். டைல்ஸ் ஒட்டும் வேலை. குறைந்த ஓவர் ஆட்டங்களில் அவரைச் சேர்ப்பதே இல்லை. ஏன் என்று அணியின் கேப்டன் பிரகாஷிடம் கேட்டேன். சின்னப் பையன், மறைக்காமல் சொன்னான்.

"நாலு ஓவர்ல அவரு செட்டே ஆக மாட்டாருண்ணே. அவரு செட் ஆகுறதுக்குள்ள நாங்க பஸ் ஏறிருவோம்."

அது உண்மைதான். நாலு ஓவருக்குள் அடங்குகிற ஆள் இல்லை அவர். அதனால் சாக்கோட்டை இறுதிக்கு வந்தால்தான் சேவுகனுக்கு ஆட்டம். அந்த ஓர் ஆட்டத்துக்காக வருடம் முழுக்க வேலை முடிந்த பிறகு தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருப்பார்.

போன வருடம் இறுதியில் சாக்கோட்டையும் கொத்தமங்கலமும் மோதின. முதல் இன்னிங்ஸில் கொத்தமங்கலத்துக்குக் கொஞ்சம் ரன் கூடுதல். இரண்டாம் நாள் மதியம் அவர்கள் கடைசியாக ஆட வந்தார்கள். எட்ட முடியாத இலக்கு. கொத்தமங்கலம் ஆல் அவுட் ஆகாமல் நின்றுவிட்டால் டிரா, கோப்பை அவர்களுக்கு. ஆல் அவுட் ஆக்கிவிட்டால் சாக்கோட்டைக்கு வெற்றி.

சாப்பாட்டுக்குப் பிறகு சேவுகன் என் முனையிலிருந்து பந்தை எடுத்தார். எடுத்தவர் கொடுக்கவே இல்லை. ஓர் இன்னிங்ஸ் முடிகிறவரை அம்பயர்கள் முனை மாறுவதில்லை; மறுமுனை காதர் பாயுடையது. ஆகவே அன்று அவர் வீசிய ஒவ்வொரு பந்தையும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

கொத்தமங்கலத்தின் கேப்டன் நல்ல ஆட்டக்காரர். அவருக்குச் சேவுகன் ஒரே இடத்தில் பந்தைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் வெளியே திரும்பியது. கேப்டன் முதலில் தொட்டுப் பார்த்தார். பிறகு தொடாமல் விடப் பழகினார். ஐந்தாறு ஓவர் இப்படியே போயிற்று. எனக்கே கொட்டாவி வந்தது. அடுத்து ஒரு பந்து. அதே கை, அதே நடை, அதே இடம். கேப்டன் மட்டையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். பந்து திரும்பவில்லை. நேராகப் போய் ஆஃப் ஸ்டம்பைச் சாய்த்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஐந்தாறு ஓவராக இந்த மனிதர் அவருக்குப் பந்தை விடக் கற்றுக்கொடுத்திருக்கிறார். கற்றுக்கொண்ட பிறகு அவுட் ஆக்கினார். இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! எத்தனையோ ஆட்டம் நின்றிருக்கிறேன். ஒரு மனிதன் இன்னொரு மனிதனை இவ்வளவு தூரம் படித்ததைப் பார்த்ததில்லை. இதை இருபது ஓவரில் எங்கே வைப்பீர்கள்?

கடைசி ஒரு மணி நேரம் தொடங்கியபோது ஏழு விக்கெட். எட்டு ஓவர் மிச்சமிருக்கும்போது ஒன்பதாவதும் விழுந்தது. கடைசி ஆளாக ரபீக் வந்தார். வெல்டிங் பட்டறைக்காரர். எந்தப் பந்தானாலும் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவார்.

"அண்ணே, இன்னும் எத்தன ஓவரு?" என்று என்னிடம் கேட்டார்.

"எட்டு."

"எட்டா? நான் இதுவரைக்கும் எட்டுப் பந்துகூட நின்னதில்லையேண்ணே!"

சேவுகன் பந்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கவலப்படாதீக மாப்ள. இன்னைக்கும் நிக்க விட மாட்டேன்."

கொத்தமங்கலம் கூடாரத்திலிருந்து ஒருவன் "சுத்துடா ரபீக்கு!" என்று கத்தினான். இன்னொருவன் அவன் வாயைப் பொத்தினான். ரபீக் சுற்றவில்லை. காலை நீட்டி, தலையைக் குனிந்து, மட்டையைத் தரையில் ஊன்றிப் பந்தைச் சாகடித்தார். அடுத்ததையும் சாகடித்தார். அந்த மனிதருக்குள் இப்படி ஒருவர் இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும். மதியம் காலியாகக் கிடந்த எல்லைக் கயிற்றைச் சுற்றி இப்போது ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். பிறகு அவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பந்து மட்டையில் படும் சத்தம் மட்டும் கேட்டது.

மைக்

மிச்சம் இரண்டரை ஓவர். சேவுகன் தன் ஓவரில் மூன்று பந்து வீசியிருந்தார். அப்போது மைக் கத்தியது. "நேரம் கருதி ஆட்டம் இத்துடன் நிறுத்தப்படுகிறது. வெற்றியைத் தீர்மானிக்கச் சூப்பர் ஓவர் நடைபெறும்."

சூப்பர் ஓவர் என்பது குறைந்த ஓவர் ஆட்டங்களில் ரன் சமமானால் ஆளுக்கு ஓர் ஓவர் கொடுப்பது. அதை இரண்டு நாள் ஆட்டத்தில் கேட்ட ஆளை அன்றுதான் பார்த்தேன். சொன்னதோடு நிற்காமல் மனோகரன் செருப்புக் காலோடு பிட்ச்சுக்கே வந்தார்.

"சார், பிட்ச்ச மிதிக்காம அங்குட்டு நில்லுங்க" என்றேன்.

"சீஃப் கெஸ்டுக்கு மதுரையில ஃப்ளைட்டுய்யா. இவுக கட்டையப் போட்டுக்கிட்டே இருந்தா கப்ப யாரு குடுக்குறது? ஆளுக்கு ஒரு ஓவரப் போட்டு முடிச்சு விடுங்க."

"முடிஞ்சுச்சுன்னு நான் சொல்லணும், இல்லைன்னா காதர் பாய் சொல்லணும். நீங்க சொல்ல முடியாது."

"ரூல் பேசாதீக. டிரா பாக்கவா சனம் வந்திருக்கு?"

ஸ்கொயர் லெக்கிலிருந்து காதர் பாய் கேட்டார்: "அப்ப இம்புட்டுச் சனமும் எதப் பாத்துக்கிட்டு நிக்குது சார்?"

மனோகரன் பிரகாஷ் பக்கம் திரும்பினார். "டிரா ஆனா கப்பு அவுகளுக்குப் போயிரும். சூப்பர் ஓவர்னா ஒனக்கும் ஒரு சான்ஸ் இருக்கு. சரின்னு சொல்லுப்பா."

யாருக்கும் ஆசை வரும். பிரகாஷ் திரும்பிச் சேவுகனைப் பார்த்தான். சேவுகன் யாரையும் பார்க்கவில்லை.

"என் ஓவர்ல இன்னும் மூணு பந்து கெடக்கு பிரகாசு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பந்து வீசும் இடத்துக்கு நடந்தார்.

பிரகாஷ் தன் ஆட்கள் பக்கம் திரும்பினான். "டேய், எல்லாம் அவனவன் எடத்துக்குப் போங்கடா. சார், நீங்களும் நிக்கிறதுன்னா சிலிப்ல ஆள் கொறையுது, அங்க நில்லுங்க."

சனம் சிரித்தது. மனோகரன் வெளியே போனார். ரபீக் என்னைப் பார்த்து, "அண்ணே, மிடில் ஸ்டம்பு காட்டுங்க" என்று கேட்டு, மட்டை ஊன்றும் இடத்தைப் புதிதாகக் குறித்துக்கொண்டார்.

மேடையில் சீஃப் கெஸ்டுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கில் நன்றியுரை ஓடியது. கார் கிளம்பும் சத்தம் கேட்டது. கயிற்றோரம் நின்றவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி ஓவரும் சேவுகனுக்குத்தான். கடைசிப் பந்து ரபீக்கின் காலில் பட்டது. சுற்றி நின்ற பத்துப் பேரும் எல்பிடபிள்யூ கேட்டுத் தொண்டை கிழியக் கத்தினார்கள். பந்து முதலில் மட்டையின் விளிம்பில் உரசிய சத்தம் எனக்குக் கேட்டிருந்தது. கத்தாதவர் வீசியவர் ஒருவர்தான். அவருக்கும் கேட்டிருக்கிறது. நான் அவுட் இல்லை என்று தலையை அசைத்து, ஆட்டம் முடிந்ததற்கு அடையாளமாக ஸ்டம்ப் மேலிருந்த பெயில்களை எடுத்தேன். டிரா.

ரபீக் பிட்ச்சிலேயே உட்கார்ந்துவிட்டார். சேவுகன் போய்க் கை கொடுத்துத் தூக்கினார். "என்ன மாப்ள, அடுத்த வருசம் வரைக்கும் எனக்கு வேல குடுத்துட்டீகளே. ஒங்கள எப்புடி எடுக்குறதுன்னு இனிமே ஒக்காந்து ரோசிக்கணும்."

சனம் கை தட்டியது. ஜெயித்தவர் யாரும் இல்லாத ஓர் ஆட்டத்துக்கு அப்படிக் கை தட்டியதை இந்த ஊரில் நான் கேட்டதில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டம்பைப் பிடுங்கினேன். கண் கலங்கிய அம்பயரை ஆட்டக்காரர்கள் பார்க்கக் கூடாது.

செயற்குழுவுக்குப் பிறகு

முடிவு வெளியானதும் சேவுகன் என் வீட்டு வாசலுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, நான் எப்பண்ணே முடியலைன்னு சொன்னேன்?"

"நீ சொல்லலப்பா."

"ரபீக்கு சொன்னாரா?"

"அவரும் சொல்லல."

"அப்புறம் ஏண்ணே எங்களச் சொல்றாக? இருக்குறது ஒரு மேட்ச்சு. அதையும் நானே வேணாம்னு சொன்ன மாதிரி ஆக்கிட்டாகளே."

ஆட்டம் பறிபோனதைவிட, அதைத் தானே விட்டுக்கொடுத்ததாகப் பெயர் வந்ததுதான் அவரை அறுக்கிறது.

புதிய அம்பயர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆறு ஓவரானாலும் ஐந்து நாளானாலும் ஆட்டத்துக்கென்று ஒரு நேரம் உண்டு. அதை ஆடி முடிக்க விடுவதுதான் நம் வேலை. மேடையில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதற்கு முன்னால் பெயிலை எடுக்காதீர்கள்.

மனோகரன் சாருக்குச் சொல்வது வேறு. இருபது ஓவர்தான் வேண்டும் என்றால் உங்களுக்கு அது வேண்டும் என்று சொல்லுங்கள். அதில் தப்பில்லை. ஆட்டக்காரர்கள் கேட்டார்கள் என்று சொல்லாதீர்கள். வருகிற பொதுக்குழுவில் சேவுகனும் ரபீக்கும் பிரகாஷும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நானும் காதர் பாயும் வருவோம். செயற்குழு அறைக்குள் சொன்னதை அங்கே எல்லோர் முன்னாலும், அதே மைக்கில் சொல்லுங்கள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்ட ஆட்டக்காரர் யார்? அவர் பெயரைச் சொல்லுங்கள்.