ஃபைல் சாரின் கட்டைவிரல்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்குப் பெயர் ஃபைல் சார். வைத்தவர் நாலாவது மாடியில் இருக்கும், ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். வேறு யார் வைத்திருந்தாலும் இதே பெயரைத்தான் வைத்திருப்பார்கள். பால் வாங்கப் போனாலும் மனிதரின் அக்குளில் அந்த நீல ஃபைல் இருக்கும். பாஸ்போர்ட் நகல், முகவரிச் சான்று, காப்பீட்டு அட்டை, வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ எல்லாம் அதில் உண்டு. "வெளிநாட்டுல இருக்கோம், எவன் எப்போ எதைக் கேப்பான்னு யாருக்குத் தெரியும்" என்பார். பால்கடையில் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. ஒரு தடவையாவது கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார், பாவம்.

இந்த நாட்டுக்கு அவரும் மனைவியும் வந்தது மகளை நம்பி. மகளுக்கு இங்கே வேலை. வந்து இரண்டு வருஷத்துக்குள் கம்பெனி அவளை வேறொரு நாட்டுக்கு மாற்றிவிட்டது. நீங்களும் கிளம்பி வாருங்கள் என்று மகள் கூப்பிட்டாள். ஃபைல் சார் பெட்டியைக் கட்டவே ஆரம்பித்துவிட்டார். மனைவிதான், "நான் வரலை. எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு" என்று சொல்லி எல்லாரையும் திகைக்க வைத்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் எனக்கு இது பிடிக்கும், அது பிடிக்காது என்று வாயைத் திறந்து சொன்னதே அபூர்வம். அந்த ஆச்சரியத்திலேயே அவரும் சரி என்றார். ஓய்வுபெற்றவர்களுக்கென்று ஒரு விசா இருந்தது. அதில் அவர் முதன்மை விண்ணப்பதாரர், அவள் அவரைச் சார்ந்தவர்.

அப்படி என்ன இருக்கிறது இந்த ஊரில் என்று உறவுக்காரர்கள் போனில் குடைவார்கள். அவளுக்குச் சொல்லத் தெரியாது. முழங்கால் ஆபரேஷன் இங்கேதான் நடந்தது. அதற்கப்புறம் நடைபாதையில் தடுக்காமல் நடக்கலாம், பஸ்ஸில் படி ஏறாமல் ஏறலாம். தன் பெயரில் ஒரு பஸ் கார்டு உண்டு. வாரத்தில் மூன்று நாள் நீச்சல் குளத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கை கால் ஆட்டும் வகுப்புக்குப் போவாள். அங்கே வரும் ஏழெட்டுப் பெண்களுக்குள் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. ஆனாலும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க வீட்டுக்கு வருவாள். சொந்த ஊரில் அவள் தனியாகக் கடைவீதிக்குப் போனதே இல்லை. போகவேண்டிய அவசியத்தை ஃபைல் சார் வைத்ததில்லை.

வீட்டு வேலைகளில் எழுத்து சம்பந்தப்பட்டது எல்லாம் அவர் பொறுப்பு. மின்சாரக் கட்டணம், எந்தக் கிழமை எந்தக் குப்பையைப் போடவேண்டும் என்ற அட்டவணை, வீட்டுச் சொந்தக்காரரின் கடிதத்தைப் போனில் காட்டி மொழிபெயர்த்துப் பார்ப்பது எல்லாம் அவர்தான். எல்லாவற்றுக்கும் மேலே வருஷா வருஷம் வரும் விசா புதுப்பிப்பு. அதை அவர் கல்யாண வேலை மாதிரி செய்வார். வங்கிக் கடிதம் ஒரு வாரத்துக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது. பென்ஷன் தாளுக்கு முத்திரையோடு மொழிபெயர்ப்பு வேண்டும். காவல் நிலையத்தில் முகவரிப் பதிவு வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவரை இதுவரை ஒரு தடவைகூட அனுப்பியதில்லை. மருந்துக்கடைக்காரரை மூன்று தடவை அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கதையை ஃபைல் சார் லிஃப்ட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஊரில் அவர் இருந்தது வங்கியில். காசோலையில் இருக்கும் கையெழுத்தையும் கணக்குத் தொடங்கியபோது போட்ட கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஊரறிந்த டாக்டரின் காசோலையையே திருப்பியிருக்கிறார். "நம்ம ஆள்தானேய்யா" என்று மேனேஜர் கெஞ்சினார். "ஆள் நம்ம ஆள்தான் சார். கையெழுத்து நம்ம கையெழுத்து இல்லையே" என்று சொல்லிவிட்டார். விரல் ரேகை வைக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. மைப்பெட்டியை நகர்த்தும்போதே முகம் கோணும். வீட்டிலும் எவனாவது எதையாவது சரியாகப் படிக்காமல் செய்துவிட்டால் உடனே வருகிற திட்டு, "சுத்தக் கைநாட்டு." மச்சினன், பேப்பர்காரன், ஒருமுறை மாப்பிள்ளைகூட அதை வாங்கியிருக்கிறார்.

இப்பேர்ப்பட்டவரின் வலது கை ஆறேழு மாதமாக நடுங்க ஆரம்பித்திருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். மளிகைச் சாமான் எழுதும் வேலையை, கண்ணாடி சரியில்லை என்று மனைவி தலையில் கட்டினார். அவளும் ஒன்றும் கேட்காமல் எழுதினாள்.

குட்டு உடைந்தது குடியேற்ற அலுவலகத்தில், ஆறாவது கவுண்டரில். அன்று அவர் மட்டும்தான் போயிருந்தார். கவுண்டரில் இருந்த இளம்பெண் தாள்களையெல்லாம் பார்த்து, எல்லாம் சரி என்று புன்னகை செய்து, விண்ணப்பத்தைக் கையெழுத்துக்கு நீட்டினாள். அவர் போட்டார். அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், இன்னொரு தாளை நீட்டினாள். மறுபடி போட்டார். மறுபடி பார்த்தாள். மூன்றாவது தடவை அவள் பார்த்த பார்வை ஃபைல் சாருக்கு ரொம்பப் பழக்கமானது. முப்பது வருஷம் அவரே பார்த்த பார்வை அது.

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை. கை நடுங்குகிறது என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்தால், கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் ரேகை வைக்கலாம். விசா முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் வந்துவிடுங்கள், தாண்டினால் இரண்டு பேருமே நாட்டை விட்டுக் கிளம்பவேண்டி வரும். கேட்கக் கேட்க அவர் முகம் சுண்டிப்போயிற்று. வீட்டில் வந்து, "கம்ப்யூட்டர் வேலை செய்யலையாம். அடுத்த வாரம் வரச் சொன்னாங்க" என்று பூசி மெழுகினார்.

மறுநாள் டாக்டரைப் பார்த்தார். வயசானால் சிலருக்கு வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரையும் கடிதமும் கொடுத்தார் டாக்டர். கடிதத்தை ஃபைலில் சொருகிக்கொண்டு நேராக நூலகத்துக்குப் போனார். மூலை மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுப் பார்த்தார். மெதுவாகப் போட்டால் கோடு புழுவாக நெளிந்தது. வேகமாகப் போட்டால் எழுத்து எங்கேயோ பறந்தது. பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து வரைந்தார். வரைந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பார்த்து வரைகிற கையெழுத்தைத்தான் அவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துத் திருப்புவார். தன் கையெழுத்துக்குத் தானே கள்ளக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாலு நாள் போனார். ஒன்றுகூட அவரிடம் பாஸாகவில்லை.

ஐந்தாம் நாள் சாப்பாட்டு மேஜையில், "ஊருக்கே போயிடலாம்னு பாக்குறேன்" என்றார்.

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு?"

"இங்க குளிர் ஜாஸ்தியாயிட்டே போகுது. வாடகையும் ஏத்தப்போறான். எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவன் நாட்டுல கவுண்டர் கவுண்டரா நிக்கிறது."

"கவுண்டர்ல நிக்கிறது உங்களுக்குப் பிடிக்குமே."

அவர் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தார்.

"கை நடுங்குதுன்னு சொல்லுங்களேன்" என்றாள் அவள். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? சட்டைப் பட்டனை யாரு போட்டு விடுறா, மூணு மாசமா?"

அப்போதுதான் அவர் எல்லாவற்றையும் கொட்டினார். மூன்று தடவை போட்டது, ஒத்துப்போகாதது, டாக்டர் கடிதம், நூலகம். கடைசியில், "என்னைக் கைநாட்டு வைக்கச் சொல்றா" என்றார். "என் சர்வீஸ்ல எத்தனை பேரை அந்த மைப்பெட்டியில விரல் வைக்க வெச்சிருக்கேன். நான் போய் வைக்கிறதா. அதுக்கு மூட்டையைக் கட்டிட்டு மானமா ஊரைப் பாக்கப் போகலாம்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"நான் பி.எஸ்சி. கணக்குப் படிச்சவ. தெரியும்ல?"

"அதுக்கென்ன இப்போ?"

"கல்யாணம் ஆனதுல இருந்து என் முன்னாடி எத்தனை தாள் நீட்டியிருப்பீங்க. போட வேண்டிய இடத்துல பென்சில்ல ஒரு இன்ட்டு மார்க். இங்க போடு, இங்க போடு, அடுத்த பக்கம் போடு. எங்கப்பா குடுத்த மனையை வித்தப்போ போட்டேன். வீட்டுக் கடனுக்குப் போட்டேன். இந்த ஊருக்கு வரப் போட்டேன். ஒண்ணையாவது படிச்சுட்டுப் போடுன்னு சொல்லியிருக்கீங்களா? படிக்காமப் போட்டா அதுக்கு என்ன பேரு? நீங்களே சொல்வீங்களே, அந்தப் பேருதான். நான் இத்தனை வருஷமா வெச்சுட்டுத்தான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் மானம் போயிடலை. உங்களுக்கு ஒரு தடவை வைக்க முடியலையா?"

 மனையைப் பற்றி அவள் பேசியதே இல்லை. விற்றது வருத்தமா என்று அவர் கேட்டதும் இல்லை.

"நான் இங்கதான் இருக்கணும்" என்றாள். "எனக்குன்னு இப்பத்தான் கொஞ்சம் நாள் கிடைச்சிருக்கு. அதை உங்க கட்டைவிரலுக்காக விட்டுக் குடுக்க மாட்டேன்."

இரண்டு நாள் கழித்து இருவருமாகப் போனார்கள். அவள் தன் பஸ் கார்டைத் தேய்த்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தாள், அவர் ஃபைலோடு பின்னால். அதே ஆறாவது கவுண்டர், அதே பெண். டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு இழுப்பறையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தாள். கூடவே ஒரு தாளையும் நீட்டினாள். ரேகை வைப்பவருக்கு விண்ணப்பம் முழுவதையும் ஒருவர் வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டும், அவருக்குப் புரிந்தது என்று சாட்சிக் கையெழுத்தும் போடவேண்டும். மனைவி போட்டால் போதும்.

"இதெல்லாம் எனக்கு மனப்பாடம்" என்றார் ஃபைல் சார். "கீழ வலது பக்கம், அந்தக் கோட்டுக்கு மேல போடு."

"இருங்க. படிச்சுட்டுத்தான் போடுவேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆங்கிலத்தில் ஒரு வரி படித்துத் தமிழில் ஒரு வரி சொன்னாள். பின்னால் வரிசை நீண்டது. அவருக்கு வேர்த்தது. அவள் பக்கம் பக்கமாகப் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள். அந்த வரியை மறுபடியும் மனசுக்குள் படித்தாள்.

"முதன்மை விண்ணப்பதாரர் இறந்துட்டா, சார்ந்தவர் முப்பது நாளுக்குள்ள நாட்டை விட்டுப் போகணும்னு போட்டிருக்கு."

அவர் ஃபைலை மூடினார்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போ இருந்து?"

"முதல் வருஷத்துல இருந்தே இருக்கு."

"அதுலயும் நான் போட்டிருக்கேன்."

"ம்."

அவள் கவுண்டர் பக்கம் திரும்பினாள். நிறுத்தி நிறுத்தி, ஆனால் பிசகில்லாத ஆங்கிலத்தில், தனக்கென்று தனியாக இந்த விசா வாங்க முடியுமா என்று கேட்டாள். அந்தப் பெண் வயதைக் கேட்டாள், வங்கிக் கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருப்பதைப் பார்த்தாள். தாராளமாக முடியும் என்றாள். முதல் வருஷமே வாங்கியிருக்கலாமே, ஏன் வாங்கவில்லை என்று ஃபைல் சாரைத்தான் கேட்டாள்.

அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "ஒரே விண்ணப்பத்துல வேலை முடிஞ்சுடுமேன்னு விட்டுட்டேன். வேற ஒண்ணும் நெனைக்கலை." சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவருக்கே கேட்டது. நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. அவள் ஒருத்தியாக இங்கே இருப்பாள் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. வெட்கத்தில் தலை நிமிரவில்லை. கட்டைவிரல் அவர் ஞாபகத்திலேயே இல்லை.

அவள் திட்டவில்லை. மீதி வரிகளையும் படித்து முடித்தாள். "புரிஞ்சுதா?" என்று கேட்டாள். அந்தத் தாளின்படி அது கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

"புரிஞ்சுது" என்றார்.

கட்டைவிரலை மையில் வைத்தார். தாளுக்குக் கொண்டுபோகும்போது கை ஆடி, ரேகை இழுபட்டுக் கறையாகிவிட்டது. அந்தப் பெண் வேறு தாள் கொடுத்தாள். மனைவி எழுந்து வந்து அவர் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை கோடு கோடாகச் சுத்தமாக விழுந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் அவசரமில்லாமல் தன் கையெழுத்தைப் போட்டாள்.

விசா புதுப்பித்த பாஸ்போர்ட்டுகளோடு, தனி விண்ணப்பத் தாள் ஒன்றையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டாள் கவுண்டர் பெண். ஃபைல் சார் பழக்கதோஷத்தில் அதை எடுக்கக் கை நீட்டினார்.

"அது என்னோடது" என்று மனைவி அதை எடுத்து மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள். "வீட்டுல போய் உக்காந்து நிதானமாப் படிக்கணும்."