அம்மாவின் குரலுக்கு இரண்டு ரெக்கார்டர்கள்

அம்மாவின் தொண்டையில் வந்த கட்டியை எடுக்கும்போது குரலும் போய்விடும் என்று பட்டணத்து டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அதற்குள் அவள் குரலை டேப்பில் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. விடிந்தால் எங்கள் தெருவில் தறிச் சத்தம்தான். அமாவாசையன்று மட்டும் ஒரு தறியும் ஓடாது. நல்லவேளையாக ஞாயிற்றுக்கிழமை அமாவாசை.

அப்போது நான் மைக்செட் கடையில் வேலை பார்த்தேன். முதலாளியிடம் கெஞ்சி, பெரிய சக்கரங்களில் டேப் சுற்றும் ஸ்பூல் ரெக்கார்டரை வாங்கிவந்தேன். அக்கா வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட் ரெக்கார்டர் ஒன்றும் கிடைத்தது. இரண்டையும் என் குரலிலேயே சோதித்தேன். அம்மாவுக்கு மிச்சமிருந்த குரலைச் சோதனைக்குச் செலவழிக்க மனம் வரவில்லை. ஸ்பூலில் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. எவ்வளவு சத்தம் வாங்கலாம் என்பதைக் குமிழைத் திருகி நாமே வைக்கலாம்; மீறினால் மீட்டர் முள் சிவப்புக்குப் போய்க் காட்டிக்கொடுக்கும். கேசட்டில் திருகுவதற்கு ஒன்றும் கிடையாது. அதுவே கூட்டும், அதுவே குறைக்கும். பேச்சு நின்றால் போதும், இரைச்சலும் வாசல் காக்கையும் மேலே எழுந்து வந்துவிடும். பேட்டரியில் ஓடும் என்பது ஒன்றுதான் அதன் பெருமை. கழுதை, அதுவும் ஓடிவிட்டுப் போகட்டும் என்று பக்கத்தில் வைத்தேன்.

அம்மா மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். "இன்னாப்பா பேசணும்?" என்று கேட்டதற்கே ஸ்பூலின் முள் சிவப்பில் போய் மோதியது. தறி ஓடும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். மெல்லப் பேசிப் பழக்கமில்லை. கட்டி வந்தும் கரகரப்புதான் கூடியிருந்தது, சத்தம் குறையவில்லை. "மெதுவா பேசும்மா" என்றேன். அவள் மிரண்டுபோய், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல, "என் பிள்ளைங்க நல்லா இருக்கணும்" என்று முணுமுணுத்தாள். குமிழை ஏற்றிவிட்டு மறுபடி சொல்லச் சொன்னேன். இருமல் வந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் எத்தனை வார்த்தை மிச்சமோ என்று இரண்டையும் நிறுத்தினேன். கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பிடித்தவரை போட்டுக் காட்டினேன். அப்பா கேட்டுவிட்டு, "இது யாருடா பேசறது? உங்கம்மா எப்போ இப்படிப் பேசினா?" என்றார்.

"மிஷினுக்கு இப்படித்தான்பா பேசணும்" என்று கத்திவிட்டு, இரண்டையும் மறுபடி பதிவில் ஓடவிட்டேன்.

அப்பா எழுந்தார். நேராகப் போய்த் தறிக்குழியில் காலை இறக்கினார். எனக்கு நினைவு தெரிந்து அமாவாசையன்று அவர் தறியைத் தொட்டதில்லை. அதுவும் மறுநாள் ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு. தறியில் நாடா இப்படியும் அப்படியுமாக ஓடியது. தெரு முழுக்க அந்த ஒரே சத்தம். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

அம்மா மைக்கை மறந்தாள். "அமாவாசையும் அதுவுமா தறியில உக்காந்துக்கினு இன்னா வேலை உங்களுக்கு? எழுந்து வாங்க. தறி எங்கியும் ஓடிடாது, வந்து சாப்புடுங்க."

அப்பா உடனே தறியை நிறுத்தினார். நான் ஸ்பூலைப் போட்டுக் கேட்டேன். முணுமுணுப்புக்காகக் குமிழை ஏற்றி வைத்திருந்ததால், தறியும் அம்மாவும் சேர்ந்து வெறும் வெடிச்சத்தமாகிப் போயிருந்தது. ஒரு சொல் தேறவில்லை. பயந்துகொண்டே கேசட்டைப் போட்டேன். நான் மட்டமாக நினைத்த மெஷின் சத்தத்தைத் தானே அடக்கி வாங்கியிருந்தது. தறிக்கு மேலே அம்மா, ஒரு சொல் சிதறாமல். "இன்னொரு தடவை" என்று கேட்க வாயெடுத்தேன். அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் போயிற்று. அக்கா வீட்டுக்காரர் ரெக்கார்டரைத் திருப்பிக் கேட்கவில்லை. அப்பாவுக்குத் தறியில் உட்கார்ந்தால் பசி தெரியாது. மத்தியானம் சோறு ஆறும்போது அம்மா ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு தறிக்குழி ஓரம் வந்து பொத்தானை அமுக்குவாள். செவ்வாயோ வெள்ளியோ, எந்த நாளானாலும் "அமாவாசையும் அதுவுமா" என்று அவள் குரல் ஆரம்பிக்கும். கூடவே அவள் உதடும் அசையும். அப்பா ரெக்கார்டர் பக்கம் திரும்பவே மாட்டார்; அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே எழுந்து வருவார்.