டேனரி வாசல் மிதிக்காத டேனரித் தொழிலாளி: ஆம்பூர் - வேலூர் ஒரு நாள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆம்பூர் போனேன். பிரியாணிக்காக இல்லை. பழைய சக தொழிலாளி ஒருவரின் மனைவி மேரி போனில் அழைத்திருந்தார். வைத்தியத்துக்காக வேலூர் வரப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். கோபம் இன்னும் தணியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் காலை ஏழரைக்கு ரயில் ஏறினால் பத்தரைக்கு ஆம்பூர். மேரி ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறார். அவர் கணவர் செல்வமும் நானும் வெளிமாநில ஆலை ஒன்றில் பதினோரு வருடம் இருந்தோம். அணுகுண்டு சுமந்து நெடுந்தூரம் பாயும் ஏவுகணைக்குத் திட எரிபொருள் கலக்கும் இடம். இது நம்மிடம் இருந்தால் எந்த நாடும் நம்மைத் தொடாது என்று அங்கே அடிக்கடி சொல்வார்கள். நான் அலுவலகத்தில், செல்வம் பொடி சலிக்கும் அறையில், ஒப்பந்தத் தொழிலாளி. உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று இருவருமே கையெழுத்துப் போட்டவர்கள்.

இப்போது செல்வத்தால் நான்கு படி ஏற முடியவில்லை. வேலூர் டாக்டர் என்ன தொழில் என்று கேட்டதற்கு டேனரியில் தோல் பதனிடும் வேலை என்று சொல்லிவிட்டார். ஆம்பூர்க்காரர் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? ஐந்து மாதமாகத் தோல் ரசாயனத்துக்கு வைத்தியம். அதனால்தான் மேரி என்னை அழைத்தார்.

ஆம்பூரிலிருந்து வேலூர் ஐம்பது கிலோமீட்டர், மூவரும் ஏறிய பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். பக்கத்து சீட்டுக்காரர் கைபேசியில் ஏவுகணைச் சோதனை வெற்றி என்று செய்தி ஓடியது. செல்வம் அதைக் கேட்டு வாங்கி இரண்டு முறை பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது.

டாக்டரிடம் மேரிதான் ஆரம்பித்தார். "இவரு டேனரி வாசல்கூட மிதிச்சதில்ல டாக்டர்."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். செல்வம் தரையைப் பார்த்தபடி, "சொல்லக்கூடாது சார். சொல்லமாட்டேன்னு அப்பவே எழுதிக் குடுத்துக்கிறேன்" என்றார்.

நான் சொல்லிவிட்டேன். அலுமினியப் பொடி, பதினோரு வருடம், மூக்கில் வெறும் துணி. டாக்டர் பழைய மருந்துச் சீட்டின் குறுக்கே கோடு போட்டு அடித்தார். போன நுரையீரல் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டார்.

திரும்பும்போது பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. செல்வம், "பெத்த பொண்ணுகிட்டகூட நான் சொன்னதில்ல சார். எனக்குனு இருந்தது அந்த ரகசியம் ஒண்ணுதான்" என்றார்.

அப்போதுதான் நானும் சொன்னேன். நல்ல முகமூடி கேட்டுப் பொடி அறைத் தொழிலாளர்கள் கொடுத்த மனுவில் 'பிறகு பார்க்கலாம்' என்று எழுதியவன் நான்.

"தெரியும் சார். உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?"



வேலூருக்கு வருகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் வரிசையில் நின்றுவிடுங்கள். மருந்துச் சீட்டுகளோடு, என்ன வேலை செய்தீர்கள், எந்தப் பொடியைச் சுவாசித்தீர்கள், எத்தனை வருடம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துவாருங்கள். சொல்லக்கூடாது என்று யாராவது கையெழுத்து வாங்கியிருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஏவுகணையின் ரகசியத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நுரையீரல் உங்களுடையது.