ஹர்த்தால் நாளில் மார்த்தாண்டத்துக்கு

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கேரள எல்லையோரம் அமரவிளையில் ரோட்டோரத்து பேக்கரி ஒன்றில் பல வருடம் பப்ஸும் பன்னும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றவள் நான். பிறகு, பள்ளியை விட்டவர்களுக்கென்று நடத்தும் துல்யதாப் பரீட்சைகளை எழுதி, எப்படியோ பி.காம் வரை வந்து சேர்ந்தேன். வகுப்பில் எல்லோருக்கும் நான் அக்கா. ஒரு தடவை கேட்டாலே அவர்களுக்குப் புரிந்துவிடுவதை நான் வீட்டில் மூன்று தடவை எழுதிப் பார்ப்பேன். அப்படியும் காலையில் மறந்திருக்கும்.

இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்றார்கள். மற்றவர்களுக்கு மாமா, சித்தப்பா என்று யாரோ ஒருவர் ஆஸ்பத்திரியிலோ கம்பெனியிலோ இருந்தார். நான் நெய்யாற்றின்கரையில் ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கினேன். சர்ட்டிபிகேட்டைப் பார்ப்பார்கள், நடுவில் இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்பார்கள், விளிக்காம், கூப்பிடுகிறோம் என்று சிரித்தபடி அனுப்புவார்கள். எந்த ஃபோனும் வரவில்லை. அடுத்த வாரக் கடைசிக்குள் ஒரு இடம் கிடைத்த கடிதத்தைக் கல்லூரியில் கொடுக்காவிட்டால் அந்த செமஸ்டர் போய்விடும்.

கூடப் படிக்கிற பெண் ஒருத்தி, தமிழ்நாட்டுப் பக்கம் மார்த்தாண்டத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ் நம்பரைத் தந்தாள். வெள்ளிக்கிழமை காலை வரச் சொன்னார்கள். நான் கவலைப்படாதது எதுவும் மிச்சமில்லை. சேலை கட்டுவதா சுடிதாரா, ஆங்கிலத்தில் கேட்டால் என்ன சொல்வது, பஸ் வராவிட்டால் அடுத்த பஸ் எது. ஹர்த்தாலைப் பற்றி மட்டும் நினைக்கவில்லை. மறுநாள் கேரளம் முழுக்கக் கடையடைப்பு என்று வியாழக்கிழமை சாயங்காலம் டிவியில் சொன்னார்கள்.

ஃபோன் செய்து, நாளைக்கு பஸ் ஓடாது, திங்கட்கிழமை வரட்டுமா என்று கேட்டேன். எடுத்த பெண்ணுக்கு விஷயமே தெரியவில்லை.

"இங்க எல்லா பஸ்ஸும் ஓடும். சார் நாளைக்கு மட்டும்தான் பாப்பாரு."

எல்லைக்கு அந்தப் பக்கம் ஹர்த்தால் கிடையாது. களியக்காவிளை வரை போய்விட்டால் போதும்.

விடிந்ததும் எங்கள் ஊரான செங்கலிலிருந்து நடந்தேன். வாசல் வரை வந்த அம்மா, "போவண்டாம் மக்கா, வழியில கல்லெறிவினும்" என்றாள். கல்லெறிய ஆள் இருந்தால்தானே. பாறசாலை வரை ஹைவேயில் நாய்களும் நானும்தான். அடைத்த கடைகள், அடைத்த பெட்ரோல் பங்க். செருப்பு கடித்த இடத்தில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டேன். எல்லையைத் தாண்டியதும் டீக்கடை, ஹாரன் சத்தம், கூட்டமான பஸ். வேறு கிழமைக்குள் வந்தது போலிருந்தது. உட்கார இடம் கிடைத்ததும் கண்ணைச் சொக்கியது.

ஆடிட்டர் என் சர்ட்டிபிகேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"கேரளத்துலேருந்து நாலு பேரு வாறதா இருந்து. நீ ஒருத்திதான் வந்திருக்க. எப்பிடி வந்த?"

"நடந்து வந்தேன் சார். களியக்காவிளை வர."

கொஞ்ச நேரம் என் காலைப் பார்த்தார். "திங்கட்கிழமை வா. ஹர்த்தால் இல்லேங்கி பஸ்ஸுல வா" என்றார். கடிதத்தையும் அப்போதே அடித்துக் கொடுக்கச் சொன்னார்.

சந்தோஷப்படத் தெரியவில்லை எனக்கு. மற்றவர்கள் வந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்குமா என்ற நினைப்பு திரும்பி வரும் வழியெல்லாம் கூடவே வந்தது. நம்பர் தந்தவளிடம் ஃபோனில் சொன்னேன். அவள் தின்றுகொண்டே பேசினாள்.

"அவிய வராததுக்கு நீங்க என்ன செய்வீங்க அக்கா? மிண்டாம போய் வேலையப் பாருங்க."

திங்கட்கிழமை பஸ் ஓடியது. ஆனாலும் பயத்தில் முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து, கொப்புளம் உடைந்த காலைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்து வைத்தேன். வெகுநேரம் கழித்து, அன்றைக்கு ஃபோனில் பேசிய பெண் சாவியோடு வந்தாள். அவளுக்கும் என்னைவிட வயது குறைவுதான்.

"இன்னைக்கும் நடந்தா வந்தீங்க?"

"இல்ல, பஸ்ஸு உண்டு" என்றேன். அவள் பூட்டைத் திறக்கும் வரை தூங்கி விழாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.