பட்டக்காரர் நிலத்தில் முதல் ஏர்

ருசிய நாட்டுச் சக்கரவர்த்தியை அவருடைய ஜனங்களே இறக்கிவிட்ட செய்தி, மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த அரியூர் நாட்டுக்கு ஓர் உப்பு மூட்டையின் மேல் வந்து சேர்ந்தது. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் பத்திரிகை வேலைக்குப் போவதற்கு முன், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து உப்பும் துணியும் மலைக்குக் கொண்டுபோய் மிளகு வாங்கிவந்த ராவுத்தர் ஒருவருக்கு உதவியாக இருந்தேன். கழுதைகள் மேலே ஏறி முடிப்பதற்குள் பத்திரிகை பழசாகிவிடும். அதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட்டதில்லை. பனி விலகும் வேளையில் பலாமரத்தடியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். பலாப்பழ வாசனையும் ஈரக் கம்பளியின் வாடையும் கலந்த அந்தக் காலைகளைப் போல ஒன்று, பின்னால் எந்தப் பத்திரிகை ஆபீசிலும் எனக்கு வாய்க்கவில்லை.

ராஜாக்களைப் பற்றிய செய்தி என்றால் பட்டக்காரர் தவறாமல் வருவார். அந்த நாட்டுக்குத் தலைவர் அவர். ஊரின் பொதுக் குதிர் அவர் வீட்டில்தான் இருந்தது. அறுவடையில் ஒவ்வொரு வீடும் அதில் சாமை கொட்டும். விதையில்லாத வருஷத்தில் அவர் திறந்து கொடுக்க வேண்டும். முந்தின வருஷம் மழை இல்லை. அவரோ, கோயில் திருவிழாவுக்கு வேண்டும் என்று சொல்லித் திறக்காமலே இருந்தார். மலைச்சரிவில் ஒரு துண்டு நிலத்தைக் கொத்திப் பிழைத்த விதவை ஒருத்தி, விதைச் சாமையையும் குழந்தைகளுக்குக் கஞ்சி வைத்துவிட்டு, விதை கேட்டு நாள்தோறும் அவர் வாசலுக்கு நடந்துகொண்டிருந்தாள். மழை நெருங்கிவிட்டது. இப்போது விதைக்காவிட்டால் வரும் வருஷமும் அவளுக்குக் கஞ்சியில்லை.

பத்திரிகையில் காரணங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். யுத்தம், தோல்வி, நிலமில்லாத குடியானவர்கள், ரொட்டிக்காகக் குளிரில் காத்து நின்ற பெண்கள்.

“ஏனுங்க, அந்த ஊர்ல தானியமே இல்லீங்களா?” என்று கூட்டத்தில் இருந்த அந்த விதவை கேட்டாள்.

“இருந்துச்சாம், அம்மா. பட்டணத்துக்கு வந்து சேரலையாம்,” என்றேன்.

“அப்ப ராசா என்ன பண்ணிட்டிருந்தாருங்க?”

“திருவிழாவுக்கு எடுத்து வெச்சிருப்பாரு,” என்றார் ராவுத்தர், உப்பை அளந்துகொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். பட்டக்காரரும் சிரித்தார். “அது குளுரு நாடு கண்ணு. அவங்களுக்கு ராசாகிட்ட பதனமாப் பேசத் தெரியல. நம்ம சனம் அப்படியா?” என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சில நாளில் மழை பெய்தது. முதல் மழைக்கு மறுநாள் எல்லா வீட்டு ஏரும் பட்டக்காரர் நிலத்தில் இறங்கிய பிறகுதான் மற்றவர்கள் தங்கள் நிலத்தைத் தொடலாம் என்பது அங்கே வழக்கம். அவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். மேளக்காரர் வந்துவிட்டார். ஓர் ஏர்கூட வரவில்லை. தங்கள் நிலத்திலும் யாரும் இறங்கவில்லை. கடைசியில் அவரே வீடு வீடாகப் போனார்.

“ஏம்ப்பா, ஏரு பூட்டலயா?”

“மாட்டுக்குச் சொகமில்லீங்க.”

அடுத்த வீட்டிலும் மாட்டுக்குச் சுகமில்லை. அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. மாடுகள் கட்டுத்தறியில் நன்றாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. விதவைக்கு மாடே கிடையாது.

“உனக்கென்ன கேடு?” என்றார்.

“எனக்கொண்ணும் இல்லீங்க. வெதைதான் இல்லீங்க.”

இப்படிச் செய்வதென்று ஊரார் முன்கூட்டியே கூடிப் பேசியதை நான் பார்க்கவில்லை. நான் படித்த செய்திக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை. அந்தப் புரட்சியின் காரணங்களைப் பிற்பாடு பல தடவை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த வரப்பில் தனியாக நின்ற தலைப்பாகை ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் மண்ணின் ஈரம் காயத் தொடங்கியது. உச்சிவேளைக்கு முன் அவர் குதிரின் வாயைத் திறந்தார். தாமே குனிந்து அளந்தார். விதவை முந்தானையில் முதலில் வாங்கிக்கொண்டாள். மாடுகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் சுகமாகி, மாலையில் பட்டக்காரர் நிலத்தில் ஏர்கள் இறங்கின, மேளமும் கொட்டினார்கள். அவள் மட்டும் அதைப் பார்க்க வரவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே தூவிவிட வேண்டும் என்று சரிவில் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாள்.