வெள்ளைக்காரன் நட்ட நாலாவது கல்

வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். சமூக அறிவியல் டீச்சர். அவன் எங்கேயும் போகவில்லை, மேலநீலிதநல்லூர் பக்கம் எங்கள் காட்டின் மூலைக்கு மூலை எல்லைக் கல்லாக நின்றுகொண்டிருக்கிறான் என்பது நிலத்தை அளக்க மனுப் போட்டபோதுதான் உறைத்தது.

நாலு கல்லில் மூன்றுதான் இருந்தது. நாலாவதைப் பக்கத்துக் காட்டுக்காரரான சித்தப்பா பிடுங்கிவிட்டார் என்பது எங்கள் வீட்டு வரலாறு. எல்லையை ஒட்டிக் கிணறு. கல் போனால் கிணறும் போகும் அல்லவா? அப்பா சாகும்வரை தம்பியோடு பேசவில்லை. ஆதாரம்? அப்பா சொன்னார், போதாதா. ஆதாரம் இல்லாமல் வரலாறு எழுதக் கூடாது என்பதெல்லாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு.

போன மாசம் சர்வேயர் வந்தார். கையில் புதுக் கருவி, பையில் அந்தக் காலத்துப் புலப்படம். சித்தப்பா தன் வரப்பில் தோளில் துண்டோடு நின்றார். நான் சும்மா இருப்பேனா? வரி வாங்கத்தான் வெள்ளைக்காரன் ஊரையே அளந்தான், பருத்திக்கும் உளுந்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் நமக்கு எல்லை போட்டான் என்று வெயிலில் ஒரு பீரியட் எடுத்தேன்.

"அதெல்லாம் சரி டீச்சர், நாலாவது கல்லு எங்கன?" என்றார் சர்வேயர்.

"அவுகளைத்தான் கேக்கணும்" என்று சித்தப்பாவைக் காட்டினேன்.

சர்வேயர் மற்ற மூன்று கல்லையும் வைத்து அளந்துகொண்டே வந்து, எங்கள் மோட்டார் ரூம் வாசலில் நின்றார். படியாகக் கிடந்த கல்லில் ஒட்டியிருந்த மண்ணைச் செருப்பால் தள்ளினார். எல்லைக் கல்லில் மட்டும் வெட்டும் அம்புக்குறி தெரிந்தது.

கூட வந்திருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ரூம் கட்டும்போது குறுக்க நின்னுச்சுட்டி. கொத்தனார் எடுத்துப் படிக்குப் போட்டாரு. அதுதான் இதுன்னு எனக்கென்ன தெரியும்?"

"கிணறு முழுசா உங்க பக்கம்தான் டீச்சர்" என்றார் சர்வேயர். ஜெயித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

"கெணறு உங்களுக்கே இருக்கட்டும்" என்றார் சித்தப்பா. "எங்க அண்ணன் போனன்னைக்கு மாலையோட வந்தேன். கேட்டுல நின்னுக்கிட்டு உள்ள விடமாட்டேன்னுட்டியே, தாயி."

வரப்பில் திரும்பி நடந்தார். கூப்பிட வாயெடுத்தேன். 'சித்தப்பா' என்று சொல்லிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.