உள்ளான்கள் என்னைத் தேடி வந்த நாள்

மகளை மன்னாரில் கட்டிக்கொடுத்த பிறகுதான் எனக்குக் கடல் பழக்கம். போன தை மாதம் பசறையிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். நண்டை எப்படி உடைத்துத் தின்பது என்று தெரியாமல் நான் முழித்ததைப் பார்த்துச் சம்பந்தியம்மா சிரித்துவிட்டார். மறுநாள் குருவி பார்க்கச் சேற்றுக்கரைக்குக் கூப்பிட்டார். இன்னொரு தடவை இந்த அம்மாளைச் சிரிக்க விடக்கூடாது என்ற வைராக்கியத்தோடு போனேன்.

கடல் எங்கேயோ விலகிப்போய், சேறு பளபளவென்று கிடந்தது. அதில் உள்ளான் குருவிகள் தலை குனிந்து கொத்திக்கொண்டே போயின. எங்கள் மலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கிற பெண்கள் மாதிரியேதான், நிரை பிடித்து. ஒன்று மட்டும் கொத்தாமல் அங்கே ஓடி நின்று பார்த்தது, இங்கே ஓடி நின்று பார்த்தது.

"அதுதாங்க கங்காணி" என்றேன்.

கிட்டத்தில் பார்க்க ஆசை வந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, சேலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நடுச்சேற்றில் கிடந்த மரக்கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"அங்க இருக்காதேங்கோ சம்பந்தி, தண்ணி திரும்பி வரும்."

"போன தண்ணி எப்படிங்க திரும்பி வரும்? எங்க மலையில எறங்குன தண்ணி என்னைக்காச்சும் ஏறி வந்திருக்கா?"

அவர் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் குருவிகள் என் பக்கமாகவே வர ஆரம்பித்தன. பயமே இல்லை, காலடி வரைக்கும் வந்துவிட்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா, எங்கிட்ட எப்படி ஒட்டிக்கிச்சுங்கன்னு! நல்ல மனுஷர குருவிக்குக்கூட தெரியுதுங்க."

"ஓம், ஓம். இருங்கோ, இன்னும் கனக்க வரும்."

திடீரென்று அத்தனையும் எழும்பி, என் தலைக்கு மேலே கரைக்குப் பறந்தன. அவற்றைத் துரத்திக்கொண்டு வந்தது தண்ணீர். பக்கத்தில் வைத்திருந்த என் செருப்பு மிதந்தது. எழுந்து நின்றால் முழங்கால் வரை சேறு பிடித்துக்கொண்டது.

சம்பந்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து கை நீட்டினார்.

"என்ன, ஏறி வந்திட்டுதோ?"

விடுவேனா? "எங்க ஊருத் தண்ணி போனா போனதுதாங்க. உங்க ஊருத் தண்ணிக்குத்தான் ஒரு சொல்லுல நிக்கத் தெரியல."

அவருக்கு வந்த சிரிப்பில் கால் வழுக்கி, தொப்பென்று தண்ணீரில் உட்கார்ந்தார். சேறு பிடித்திருந்ததால் நான் அசையவில்லை.

சொட்டச் சொட்ட வீடு திரும்பியதும் மகள் பதறினாள்.

"என்னம்மா இது?"

"ஒன் மாமியாரு சேத்துல விழுந்துட்டாங்க. நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

மறுத்துச் சொல்லச் சம்பந்தி வாயைத் திறந்தார். சிரிப்புதான் வந்தது.